மீசைக்காக விட்ட குடி

குடியை ஏன் விட்டேன் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். பிள்ளைகளுக்காக என்பார் ஒருவர். டாக்டர் கைவிரித்துவிட்டார், அதனால் என்பார் இன்னொருவர். ஆண்டவர் வந்து தொட்டார் என்று அழுகிறவர்களும் உண்டு. நான் விட்டது ஒரு மீசையை எடுக்க வைப்பதற்காக. அந்த மீசை என் மனைவியின் அண்ணனுடையது.

நீடாமங்கலத்தை ஒட்டிய ஒரு ஊரில் நான் பம்ப்செட் மெக்கானிக். ஆற்றுத் தண்ணீரை நம்பிக் குறுவை போட்டவர்கள் கையைச் சுட்டுக்கொண்டு, ஆளாளுக்கு போர் இறக்கி மோட்டார் வைக்கத் தொடங்கிய தொண்ணூறுகள் அவை. நடவு நேரத்தில் இன்ஜின் நின்றுபோனால் பெரிய மிராசுதார்கூட வரப்பில் நின்றுகொண்டு எனக்காகக் காத்திருப்பார். இன்ஜின் ஓடித் தண்ணீர் வாய்க்காலில் விழுந்ததும் சந்தோஷத்தில் ஒரு குவார்ட்டர் வாங்கிவரச் சொல்வார்கள். முதலில் வேலை முடிந்த பிறகு குடித்தேன். பிறகு குடித்தால்தான் ஸ்பேனர் பிடிக்கக் கை நின்றது.

மச்சான் குவைத்தில் ஏ.சி. மெக்கானிக். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். டேப் ரெக்கார்டர், சென்ட், சோப்பு, வரும் வழியில் ஏர்போர்ட்டில் வாங்கிய பாட்டில் என்று பெட்டி பெட்டியாக இறங்கும். அதற்கு முன்னால் அவர் மீசை இறங்கும். இரண்டு முனையும் கன்னத்தில் ஏறி நிற்கும் மீசை. பேசும்போது ஒரு கை அதிலேயே இருக்கும்.

என் மகள் வயதுக்கு வந்தபோது அவளுக்குப் பதின்மூன்று வயது. தாய்மாமன் வந்துதான் மஞ்சள் நீராட்டு என்று, மச்சான் லீவில் வரும்வரை விழாவைத் தள்ளிவைத்தோம். ஒரு வேன் நிறையச் சீர்வரிசையோடு வந்தார். வந்தவர், காலையிலேயே என்னை வைக்கோல் போருக்குப் பின்னால் கூட்டிப்போனார்.

"ஃபாரின் சரக்கு மாப்ள. நம்மூரு தண்ணி மாதிரி இல்ல. சும்மா ஒரு வாய் ருசி பாருங்க" என்று ஊற்றிக் கொடுத்தார்.

அவர் ஒன்றோடு நிறுத்திக்கொண்டு பாட்டிலை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். நிறுத்த முடிகிற ஆள். நான் என்ன செய்வேன் என்பது அவருக்குத் தெரியும். செய்தேன்.

மத்தியானம் சீர்த்தட்டுகள் வரிசையாக வரும்போது நான் தடுமாறி அவற்றின் மேலேயே விழுந்தேன். பழம் உருண்டது, கண்ணாடி வளையல் நொறுங்கியது, சந்தனம் என் சட்டையெல்லாம் அப்பிக்கொண்டது. முதல் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்த என் மகள் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மச்சான் என் சட்டையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். தங்கை புருஷனை யாரும் வாங்க போங்க என்றுதான் சொல்வார்கள். அன்றைக்கு அத்தனை சனத்துக்கு முன்னால் அது போனது.

"நீயெல்லாம் ஒரு மனுசனாடா? எழுதி வச்சுக்க. இவளுக்குக் கல்யாணம்னு ஒண்ணு நடந்தா நான்தான் தாரை வாத்துக் குடுப்பேன். நீ மண்டபத்து வாசல்ல உழுந்து கெடப்ப."

கூட்டத்தில் யாரோ ஒரு பெரியவர், "விடுப்பா, திருந்திடுவாரு" என்றார்.

"யாரு, இவனா? ஒரு வருசம் இவன் குடிக்காம இருக்கட்டும். ஒரு பக்க மீசையை எடுத்துட்டுக் கடைத்தெருவுல நடக்குறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். என்னைப் பெற்றவளும் சிரித்தாள்.

பெண்ணின் கையை மாப்பிள்ளை கையில் வைத்து, அதன்மேல் சொம்புத் தண்ணீரை விட்டுக் கொடுப்பது அப்பன் உரிமை. அப்பன் செத்திருந்தால்தான் அந்தச் சொம்பு மாமன் கைக்குப் போகும். உயிரோடு நிற்கும்போதே என்னைச் செத்தவன் கணக்கில் சேர்த்துவிட்டார். சாயங்காலம் அதே வேனில் என் மனைவியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு மன்னார்குடிப் பக்கம் இருக்கும் தன் வீட்டுக்குப் போனார். மனைவி திரும்பிப் பார்க்கவில்லை. ஊற்றிக் கொடுத்ததும் அவர்தான், உதைத்ததும் அவர்தான். அந்த ஆளைத் தலைகுனிய வைக்காமல் சாகக் கூடாது என்று சந்தனம் காய்ந்த சட்டையோடு உட்கார்ந்து நினைத்தேன்.

அதற்கு முன்னாலும் நான் குடியை விட்டவன்தான். கோயிலில் கயிறு கட்டி விட்டிருக்கிறேன். கார்த்திகையில் மாலை போட்டால் நாற்பத்தெட்டு நாள் ஒரு சொட்டுத் தொடமாட்டேன். மாலையைக் கழற்றிய அன்றைக்கே நாற்பத்தெட்டு நாளுக்கும் சேர்த்துக் குடித்துவிடுவேன். சாமிக்குப் பயந்து விட்டதெல்லாம் சாமியோடு போய்விட்டது. இந்த முறை பயம் இல்லை, வெறி இருந்தது. ஆனால் வெறி மட்டும் போதவில்லை. மூன்று நாள் விடுவேன், நாலாம் நாள் அந்த வெறிக்கே ஒரு குவார்ட்டர் தேவைப்பட்டது.

அப்படி ஒரு நாள் பம்ப்செட்டுக்கு ஃபுட்வால்வு வாங்கத் தஞ்சாவூர் போயிருந்தபோது ஒரு மதில்சுவரில் நீலப் பெயின்ட்டில் எழுதியிருந்ததைப் பார்த்தேன். குடியிலிருந்து மீள விருப்பமா, ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூட்டம் என்று இருந்தது. இடம் எழுதியிருந்த வரிமேல் ஒரு கம்ப்யூட்டர் சென்டர்காரன் போஸ்டரை ஒட்டியிருந்தான். பையிலிருந்த ஸ்க்ரூடிரைவரால் சுரண்டிப் பார்த்தேன். 'பின்புறம்' என்ற ஒரு சொல்தான் வந்தது. எதன் பின்புறம் என்பது போஸ்டரோடு பிய்ந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். யாரிடமாவது கேட்க வேண்டும். குடிப்பதற்குக் கடை எங்கே என்று கேட்க எனக்கு ஒருநாளும் கூச்சம் இருந்ததில்லை. இதைக் கேட்க நாக்கு எழவில்லை. ஒரு டீக்கடையில் மெள்ள ஆரம்பித்தேன்.

"இங்க ஞாயித்துக்கிழமை ஏதோ கூட்டம் நடக்குதாமே?"

"என்ன கூட்டம்?"

"இந்த... வாழ்க்கை மாறுறதுக்கு."

"அதுவா, அந்த லாட்ஜுக்குப் பின்னால ஹால் இருக்கு பாருங்க, அங்கதான். போங்க போங்க, ஆரம்பிச்சிருப்பாங்க."

பின்னால் என்றதும் என் சந்தேகம் தீர்ந்தது. ஹாலில் ஐம்பது பேர் இருந்தார்கள். பாதிப் பேர் டை கட்டியிருந்தார்கள். குடிகாரர்கள் இவ்வளவு சுத்தமாக இருக்க முடியுமா என்று எனக்கு ஆச்சரியமாகவும் நம்பிக்கையாகவும் இருந்தது. ஒருவர் எழுந்து, "இங்க வர்றதுக்கு முன்னாடி எனக்கு வீட்டுலயே மரியாதை கிடையாது. இன்னிக்கு என் சொந்தக்காரங்க எல்லாம் என்னைத் தேடி வர்றாங்க" என்றார். கைதட்டினார்கள். ஒரு அம்மா எழுந்து தன் வீட்டுக்காரரின் வாழ்க்கையே மாறிவிட்டது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்கும் கைதட்டினார்கள். எனக்கும் கண்ணீர் வந்துவிட்டது. யாரும் கூப்பிடாமலேயே எழுந்து, நான் குடிகாரன் என்று தொடங்கி, வைக்கோல் போரிலிருந்து சீர்த்தட்டுவரை ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லி முடித்ததும் கைதட்டலுக்காக நின்றேன்.

யாரும் தட்டவில்லை. மேடையில் இருந்தவர் மிகவும் மரியாதையாக, "சார், உங்களை யாரு கூட்டிட்டு வந்தாங்க? நீங்க யாரோட டவுன்லைன்?" என்று கேட்டார்.

அது ஏதோ சத்துமாவுப் பவுடரை ஆளுக்கு ஆள் சேர்த்து விற்கிற கூட்டம். வெளியே வரும்போது மூன்றாவது வரிசையில் ஒரு முகம் என்னைப் பார்த்துச் சிரித்தது. மச்சான் ஊரில் உரக்கடை வைத்திருப்பவர்.

இரண்டே நாளில் எங்கள் ஊர் எஸ்.டி.டி. பூத்துக்கு எனக்கு போன் வந்தது. மச்சான்தான்.

"என்ன மாப்ள, பவுடர் வித்துக் குடியை விடுறீங்களாமே? நமக்கு ரெண்டு டப்பா அனுப்பி விடுங்க, குவைத்துக்கு எடுத்துட்டுப் போறேன்."

அவருக்குப் பின்னால் நாலைந்து பேர் சிரித்தது கேட்டது. அதில் என் மகள் சிரிப்பு இருக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். இல்லை. போனை வைத்தபோது எனக்கு இருந்த கூச்சம் எல்லாம் அந்த பூத்திலேயே கழன்றுவிட்டது. மிச்சம் இருந்தது வயிற்றெரிச்சல் மட்டும்தான்.

அடுத்த ஞாயிறு தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் ஆட்டோ நிற்கும் இடத்தில் நின்றுகொண்டு, "குடிகாரனுங்க கூட்டம் எங்கய்யா நடக்குது?" என்று சத்தம் போட்டுக் கேட்டேன். ஒரு ஆட்டோக்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "மாதா கோயிலுக்குப் பின்னால, ஸ்கூல்ல. நானும் அங்கதான் போறேன், ஏறுங்க" என்றார்.

ஒன்றாம் வகுப்பு அறை. சுவரில் அ, ஆ எழுதிய அட்டை. பிள்ளைகள் உட்காரும் குட்டி பெஞ்சில் ஏழெட்டு ஆண்கள் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். கதவைத் திறந்து வைப்பதும் டீ போடுவதும் ரிட்டயரான ஒரு ரயில்வேக்காரர். ஆரம்பிக்கும்போது அவர் ஒரு தாளை எடுத்துப் படித்தார். இங்கே கேட்டது இங்கேயே இருக்கட்டும். இங்கே பார்த்தவரை வெளியே சொல்ல வேண்டாம். வீட்டிலும் வேண்டாம். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. எனக்குச் சொல்வதற்கு யாரும் இல்லை.

"நீங்க எதுக்கு விடணும்னு வந்தீங்க?" என்று என்னைக் கேட்டார்.

"ஒருத்தனைப் பழிவாங்கணும்."

திட்டுவார் என்று நினைத்தேன். டம்ளரை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார். "சரி. இன்னிக்கு ஒரு நாள் குடிக்காம இருந்து பழிவாங்குங்க. நாளைக்கு உள்ளதை நாளைக்குப் பாத்துக்கலாம்."

அப்படித்தான் பழிவாங்கினேன். முதல் வாரம் கை நடுங்கிய நடுக்கத்தில் நட்டும் போல்ட்டும் சேற்றில் விழுந்தன. "காலையிலேயே போட்டுட்டான்" என்று வரப்பில் நின்றவர்கள் சொன்னார்கள். குடித்திருந்தபோது நின்ற கை, குடிக்காததால் ஆடியது. இதை யாரிடம் சொல்லி நம்பவைப்பது? பல்லைக் கடித்துக்கொண்டு சேற்றில் துழாவினேன். ஒயின்ஷாப் வழியாகப் போகும்போதெல்லாம் மன்னார்குடிக் கடைத்தெருவில் மச்சான் ஒரு பக்க மீசையோடு நடந்து போவதை நினைத்துக்கொள்வேன். காய்கறிக்காரி முதல் உரக்கடைக்காரர் வரை எல்லாரையும் இரண்டு பக்கமும் நிறுத்தி வைப்பேன். பொங்கல், கோயில் திருவிழா, பங்காளி வீட்டுக் கருமாதி எல்லாம் அப்படித்தான் கடந்தன.

மச்சான் அடுத்த லீவில் வந்தபோது எனக்கு ஒரு வருஷமும் சில மாதமும் ஆகியிருந்தது. எங்கள் ஊர் சலூன்காரரைப் பெட்டியோடு கூட்டிக்கொண்டு அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"ஆளு கூட்டியாந்திருக்கேன் மச்சான். எந்தப் பக்கம்னு நீங்களே சொல்லுங்க."

அவர் மீசையில் கை வைத்தார், முறுக்குவதற்கு. "கோவத்துல சொன்னதையெல்லாம் புடிச்சுக்கிட்டு வர்றீங்களே. ஒரு வருசம் என்ன பெரிய வருசம்? கல்யாணம் வரைக்கும் தாங்குதான்னு பாப்போம். அன்னிக்குச் சொம்பு உங்க கையில நிக்கட்டும், எடுக்குறேன்."

சலூன்காரர் பெட்டியைத் திறக்காமலே திரும்பினார். ஆனால் உள்ளேயிருந்து என் மனைவி ஒரு பையோடு வெளியே வந்தாள். மகள் பின்னால் வந்தாள்.

"நான் வர்றேன். ஆனா அண்ணன் மீசைக்காக விட்டதை எனக்காக விட்டேன்னு எங்கிட்ட சொல்லிடாதீங்க" என்றாள் மனைவி. நான் சொல்லவில்லை. இன்றுவரை சொன்னதில்லை.

ஒன்பது வருஷம் போனது. ரயில்வேக்காரர் சென்னையில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விட, வகுப்பறைச் சாவி என் கைக்கு வந்தது. தாளைப் படிப்பதும் நான்தான், டீ போடுவதும் நான்தான். மகள் நர்சிங் முடித்தாள், மாப்பிள்ளை அமைந்தது. மச்சான் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று அவர் குவைத்திலிருந்து ஒரேயடியாக வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருந்தது. ஒரு ஞாயிறு பத்து மணிக்குக் கதவைத் திறந்து வைத்துவிட்டு பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் மச்சான்.

மீசைக்கு டை அடித்திருந்தார். அதற்கு மேலே கண் இரண்டும் மஞ்சள் பூத்திருந்தது. அவருடைய ஊரிலிருந்து இவ்வளவு தூரம் வந்தால் தெரிந்த முகம் இருக்காது என்று வந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் ஒரு காலைப் பின்னால் எடுத்தார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மகள் பிறந்தபோதுகூட நான் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை. "உள்ள வாங்க மச்சான்" என்றேன். இரக்கத்தில் சொல்லவில்லை. போய்விட்டால் அந்தக் காட்சி போய்விடுமே என்று சொன்னேன். அவர் குட்டி பெஞ்சில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்தார். கடைத்தெருவில் யார் யாரிடம், எந்த வார்த்தையில் இதைச் சொல்வது என்று எனக்குள் அதற்குள்ளேயே ஒத்திகை ஓடியது. தாளை எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன். இங்கே பார்த்தவரை வெளியே சொல்ல வேண்டாம். வீட்டிலும் வேண்டாம். அந்த வரிகளைப் படிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. பத்து வருஷம் காத்திருந்து கையில் கிடைத்ததை என் வாயாலேயே பூட்டிவிட்டேன். மச்சான் நிமிர்ந்து பார்த்து லேசாகச் சிரித்தார்.

அந்த மூன்று மாதமும் வந்தார். இரண்டு வாரம் விடுவார், மறுபடி குடிப்பார், மறுபடி வருவார். வெளியே நாங்கள் பேசிக்கொள்வதில்லை. கல்யாணத்துக்கு முந்தின ஞாயிறு தன் முறை வந்தபோது, "பட்டம் கட்டுற நேரத்துக்கு மட்டும் என் மேல வாடை இருக்கக் கூடாது. இன்னியோட நிறுத்திட்டேன்" என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

புதன்கிழமை முகூர்த்தம். பெண்ணின் நெற்றியில் தாய்மாமன் பட்டம் கட்ட வேண்டும், அதற்குப் பிறகுதான் தாரை. பட்டு வேட்டியில் மேடை ஏறினார். ஜரிகைப் பட்டத்தின் நூலை எடுத்து அவள் தலைக்குப் பின்னால் கொண்டுபோனார். கை ஆடியது. முடிச்சு விழவில்லை. நூல் நழுவியது, பட்டம் அவள் மூக்கின்மேல் விழுந்தது. மறுபடி எடுத்தார், மறுபடி விழுந்தது.

"காலையிலேயே போட்டுட்டாரு போல" என்று முன்வரிசையில் ஒரு குரல். "குவைத்துச் சரக்கா இருக்கும்" என்று இன்னொன்று. சிரிப்பு பின்வரிசைவரை போனது. உரக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

அது குடித்த கை இல்லை, மூன்று நாளாகக் குடிக்காத கை. அந்த மண்டபத்தில் அது தெரிந்தவன் நான் ஒருவன்தான். நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். வெளியே சொல்லாதே என்ற அந்தத் தாளே இப்போது என் பக்கம் வந்து நின்றது. மச்சானுக்கு எல்லாம் காதில் விழுந்தது. என்னைப் பார்த்தார். நான் அசையவில்லை. அவர் பார்க்கப் பார்க்க, நின்று, முழுசாக ஒரு நிமிஷம் அதை அனுபவித்தேன்.

அப்புறம் மகளைப் பார்த்தேன். அவள் குனிந்து தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் போய் நூலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். "மூணு நாளாக் கடுங்காய்ச்சல் இவருக்கு. படுங்கன்னா கேக்காம வந்து நிக்கிறாரு" என்று மைக்செட்காரருக்கும் கேட்கும்படி சொன்னேன். சிரிப்பு நின்றது. "அடப்பாவமே" என்றார்கள். "நான் புடிச்சுக்கிறேன், முடிச்சை நீங்க போடுங்க" என்று அவர் காதில் சொன்னேன்.

"உங்களை யாருய்யா கேட்டா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். ஆனால் முடிச்சுப் போட்டார்.

தாரை வார்க்கும்போது சொம்பு என் கையில் ஆடவில்லை. ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை.

அடுத்த ஞாயிறு மச்சான் மீசை இல்லாமல் வந்தார். ஒரு பக்கம் இல்லை, இரண்டு பக்கமும் இல்லை. கோயிலுக்கு வேண்டுதல் என்று ஊரில் சொல்லிவிட்டாராம். அவருடைய மேலுதடு இவ்வளவு சின்னது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. யாருக்கும் எதுவும் புரியவில்லை, எனக்கு மட்டும் புரிந்தது. வயிறு குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை, காலியாக இருந்தது.

கூட்டம் முடிந்து பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். பக்கத்தில் ஒயின்ஷாப். பத்து வருஷமாக அதைத் தாண்டும்போது நினைத்துக்கொள்ள ஒரு மீசை இருந்தது. இப்போது நினைத்துப் பார்த்தேன், வெறும் உதடு வந்தது. சொம்பும் கைக்கு வந்துவிட்டது, மீசையும் போய்விட்டது. இனி யார் மேலுள்ள கோபத்துக்காகக் குடிக்காமல் இருப்பது? கால் நின்றுவிட்டது. கால் அந்தப் பக்கம் திரும்பியது என்றும் சொல்லத்தான் வேண்டும்.

"என்ன மாப்ள, போகலையா?"

பின்னால் மச்சான் நின்றார்.

"மண்டபத்துல அத்தனை பேருக்கு முன்னாடி என் மேல பரிதாபப்பட்டீங்கல்ல. அதை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். நீங்க என்னிக்குக் குடிக்கிறீங்களோ, அன்னிக்குத்தான் இந்த மீசையை வளப்பேன். அதைப் பாக்குறதுக்குத்தான் நான் குடிக்காம இருக்கப் போறேன். போங்க, உள்ள போங்க. நான் இங்கயே நிக்கிறேன்."

உடம்பெல்லாம் எரிந்தது. பழைய எரிச்சல், நன்றாகத் தெரிந்த எரிச்சல். பஸ்ஸில் ஏறினேன். அவரும் ஏறினார். அவர் முன்சீட்டில், நான் பின்சீட்டில்.

இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். பேரையும் ஊரையும் விட்டுட்டு எழுதிக்குங்க, நீங்க விழுந்ததும் முடிவை மாத்தி எழுத வேண்டியிருக்கும் என்றார். அதற்குப் பிறகு எத்தனையோ ஞாயிறு போய்விட்டது. போன ஞாயிறும் மழுங்கச் சிரைத்த முகத்தோடு வந்து, என் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து, முதலில் என் கையைத்தான் பார்த்தார்.